தாசில்தாருக்கு இடம்

ஜூலை 19, சனி

கொளத்தூர் போய்த் தொட்டி வாங்கியாயிற்று. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, காற்று பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மணல், இரண்டு செடி. கடைக்காரருக்கு என்னை மீன் இல்லாமல் அனுப்ப மனமில்லை.

"ஃபைட்டர் வந்திருக்கு சார், பாருங்க."

"மீன் இருக்கு. அடுத்த மாசம் வரும்."

"அப்ப தொட்டியையும் அடுத்த மாசம் வாங்கலாமே?"

"ஒரு மாசம் மீன் இல்லாம ஓட்டணும்."

"யார் சார் சொன்னது?"

"கட்டிக்கப்போற பொண்ணு."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ரோஸ் நிறக் கூழாங்கல்லை மட்டும் தலையில் கட்டப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தினமும் நாலு வரி எழுதி வைக்கச் சொன்னது சுபாஷிணி. வேலூரில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியன். ஆனி கடைசியில் நிச்சயம் ஆனது, கல்யாணம் செப்டம்பர் 4. நிச்சயத்தன்று பெரியவர்கள் பீரோ, மிக்ஸி, மண்டபம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் பேசியது ஒரு மீனைப் பற்றி. ஃபைட்டர் மீன். பெயர் தாசில்தார். யார் கிட்டே போனாலும் செவுளை விரித்து முறைப்பானாம்.

"எனக்கு முன்னாடி அவன் வரட்டும்ங்க. புது ஊரு, புது வீடு, எனக்கு எப்படி இருக்கும்னு தெரியல. அவன் அங்க நல்லா இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

சரி என்றேன்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா முதல்ல என்கிட்ட சொல்லிடுங்க. வேற யார் சொல்லியும் நான் தெரிஞ்சுக்கக் கூடாது."

எனக்குப் பொய் சொல்ல வராது என்றேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கேலிபரேஷன் எஞ்சினியர் நான். பிரஷர் கேஜ் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் தொழிலே.

"யாரையும் நகத்தாம தொட்டி வெக்க இடம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

இடம் பார்த்தேன். கொரட்டூரில் எங்களுடையது தரைத்தள போர்ஷன். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கிற இடம். பெட்ரூமில் என் வேலை மேஜை இருக்கிறது, அது நகராது. சமையலறையில் சூடு. ஹாலில் வெயில் படாத, பிளக் பாயின்ட் உள்ள, தரை மட்டமான மூலை ஒன்றுதான். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. அங்கே அம்மாவின் மடக்குக் கட்டில் இருந்தது. அப்பா போனதிலிருந்து அங்கேதான் படுக்கிறாள். கட்டிலைச் சமையலறைக்கு மாற்றினேன். பாதி சமையல் மேடைக்கு அடியில் போய்விட்டது, ஆனால் படுக்கலாம்.

"எவ்வளவு நாளைக்குடா?"

"மீன் இருக்கிற வரைக்கும்."

"மீன் எவ்வளவு நாள் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா மூணு வருஷம்."

அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆட்சேபம் இல்லை.

சாயங்காலம் பார்த்தால் தொட்டிக் கண்ணாடியில் சந்தனம் குங்குமம். துடைத்தேன்.

ஜூலை 23, புதன்

விஷயம் இதுதான். மீனின் கழிவு தண்ணீரில் அம்மோனியாவாகிறது. அது மீனுக்கு விஷம். அதைத் தின்று தீர்க்கிற கிருமி ஒன்று ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும். அதற்கு ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை வெறும் மீன் தீனியைப் போட்டு அழுக விட வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட வேண்டும். பச்சை வந்தால் விஷம், மஞ்சள் வந்தால் மீன் விடலாம்.

இன்று பச்சை.

ஜூலை 24

பச்சை.

ஜூலை 26

பச்சை. எந்த மெஷினையும் இவ்வளவு நாள் சூடேற விட்டதில்லை. தீனியைக் கூடக் கொஞ்சம் போட்டேன். கரும்பச்சையானது. சுபாஷிணி, "அவசரப்பட்டா ஒண்ணும் வளராதுங்க" என்றாள். அவசரம் இல்லை, செயல்திறன் என்றேன். சிரித்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆடி மாசத்தில் காலித் தொட்டியில் தண்ணீரை ஊற்றி விளக்குப் போட்டு வைத்திருக்கிறாயே, எதற்கு என்று. சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். உனக்குப் புரியாது என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வழக்கமாக அம்மா மோட்டார் குழாய்க்குப் பொட்டு வைத்துப் படைப்பாள். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. மேலே செவ்வந்திப் பூ மிதக்கிறது, ஒரு வெற்றிலை, ஒரு எலுமிச்சம்பழம். ஃபில்டர் குழாயில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறது. மணலில் ஒரு கவளம் புளிசாதம்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"இந்த வீட்ல ஆறு, குளம்னு வேற என்ன இருக்கு? தண்ணி ஓடிக்கிட்டே இருக்கேன்னு இதுக்குப் பண்ணேன்."

"மஞ்சளப் போட்டா கிருமி செத்துடும்."

"நல்லதுதானே?"

"அந்தக் கிருமியத்தான் நான் வளக்கறேன்."

அம்மா என்னையே பார்த்தாள். "கல்யாணம் வெச்சிருக்கிற வீட்ல கிருமி வளக்கறியா?"

கத்திவிட்டேன். இனிமேல் தொட்டிப் பக்கமே வரக் கூடாது என்று சொன்னேன்.

"ஏன்னு சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"வராதேன்னா வராதே. அவ்வளவுதான்."

மணலை எடுத்து அலசி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாரம் வீண்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சுபாஷிணியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து ஃபோனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். "புளிசாதமா? அத்தை சூப்பர்ங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் போதாது என்றேன்.

"கவலைய விடுங்க. என் தொட்டி ஸ்பாஞ்சுல பாதி அறுத்து அனுப்பறேன். உறை மோர் மாதிரி. அதப் போட்டா உங்க தண்ணி சீக்கிரம் தோஞ்சிடும்."

நான் மூன்று வாரமாகப் படித்ததை அவள் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

அவளோடு வேலை செய்கிறவர் சென்னை வந்தார். பெரம்பூர் ஸ்டேஷனில் ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டேன். ஈரப் பையில், பழுப்பாக, சாக்கடை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் குழாயில் பிழிந்து பிழிந்து, தண்ணீர் தெளிகிற வரை கழுவி, ஃபில்டரில் மாட்டினேன்.

அவளிடம் சொன்னேன்.

"கழுவினீங்களா?"

"நாறிச்சு."

"குழாய்த் தண்ணிலயா? குளோரின் இருக்குமேங்க."

பிறகு, "மீதிப் பாதிலயும் பாதி அனுப்பறேன். அப்படியே போடுங்க. மூக்கப் பொத்திக்கிங்க" என்றாள்.

கழுவக் கூடாது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாமல் எப்படித் தெரியும்.

ஆகஸ்ட் 15

இரண்டாவது ஸ்பாஞ்ச் திங்களன்றே வந்துவிட்டது, கழுவாமல் போட்டேன். இன்று மஞ்சள். நேற்றும் மஞ்சள்தான். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன், மஞ்சள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்த அன்றே தாசில்தார் வந்துவிட்டான். சுபாஷிணியின் அப்பா காட்பாடியிலிருந்து ரயிலில், ஈரத்துண்டு சுற்றிய பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"வழியெல்லாம் முறைச்சிக்கிட்டே வந்தாரு மாப்ள. டிடிஆர் வந்தப்போ அவரையும் முறைச்சாரு. டிக்கெட் எடுக்கலேன்னு எனக்கே பயமாப் போச்சு."

அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி, பைக்கு ஆரத்தி எடுத்தாள். பெண் வீட்டிலிருந்து முதலில் வருகிற ஜீவனாம். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

கருநீல உடம்பு, வால் ஓரத்தில் சிவப்பு. விரித்தால் விசிறி. தொட்டியை ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, ஒரு செடி இலையின் மேல் சாய்ந்துகொண்டான். வீடியோ காலில் சுபாஷிணி பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை, நெட்வொர்க்.

"நாளைக்கும் நாளன்னிக்கும் போட்டோ அனுப்புங்க."

ஆகஸ்ட் 21, வியாழன்

நன்றாகச் சாப்பிடுகிறான். ஆபீஸிலிருந்து வந்ததும் கதவைத் திறக்கிறபோதே முன்னால் வந்து முறைக்கிறான். அம்மா தொட்டிப் பக்கம் வருவதில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே அவனிடம் பேசுகிறாள். "சாப்டியாடா?" "என்னடா அப்படிப் பாக்கற?" இப்போதெல்லாம் சீரியலையும் அங்கே நின்றுகொண்டே பார்க்கிறாள். கால் மரத்துப் போகாமல் இருக்குமாம்.

"பாவம்டா. நாளெல்லாம் ஒத்தையா சுத்தறான்."

"அது அப்படித்தான்."

"கல்யாண வீட்ல எதையும் ஒத்தையா வெக்கக் கூடாது. தாம்பூலத்துல பழம் வெச்சாக்கூட ரெண்டா வெப்போம்."

எனக்கு ஒரு அவசர மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. கையைக் காட்டினேன், போ என்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதுகிறேன்.

காலையில் திருவள்ளூர் போனேன், மாலதி அக்கா வீட்டுக்குப் பத்திரிகை வைக்க. அங்கேயே அந்தப் பேச்சையும் பேசிவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் அம்மா கொஞ்ச நாள் அக்காவோடு இருக்கட்டும் என்று. வீடு சின்னது, சுபாஷிணிக்குத் தனியாக இருந்தால் பழகச் சுலபமாக இருக்கும் என்றேன்.

"அவளே கேட்டாளாடா?" என்றாள் அக்கா.

அந்த மாதிரிதான் என்றேன்.

அக்கா முகம் மாறியது. இருந்தாலும் சரி என்றாள். அம்மாவிடம் எப்போது சொல்வது என்று கேட்டாள். தாலி கட்டின பிறகு என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. அம்மா ஹாலில் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தொட்டியில் இரண்டு மீன். இரண்டாவது சின்னது, சாம்பல் நிறம். தாசில்தாரின் வால் இருந்த இடத்தில் நூல் நூலாகத் தொங்கியது. தண்ணீரில் சிவப்புத் துணுக்குகள்.

"விளையாடறாங்கன்னு நெனச்சேன்டா," என்றாள் அம்மா. "அப்புறம் பாத்தா கடிச்சுக்கிறாங்க. பிரிக்கலாம்னா, நீ தொட்டியத் தொடாதேன்ன."

கையை விட்டுச் சின்னதைப் பிடித்து, கிடைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன்.

"எங்க வாங்கின?"

"மார்க்கெட்டாண்ட புதுக் கடை. போன்ல இவன் போட்டோவக் காட்டி, துணைக்கு இதே ஜாதியில பொண்ணு குடுங்கன்னேன். குடுத்தான்."

"ஃபைட்டர்னு பேரே அதுக்கு. ஒரு தொட்டியில ஒண்ணுதான் இருக்கும். ரெண்டு விட்டா அடிச்சுக்கிட்டுச் சாகும்."

"அத நீ சொன்னியா?"

பாட்டிலைத் தரையில் வைத்தேன்.

"தாசில்தாருன்னு சொன்ன. வேற என்ன சொன்ன?" அம்மா முந்தானையால் தொட்டியின் கீழே சிந்தின தண்ணீரைத் துடைத்தாள். "ஒத்தையா கெடந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுடா ஜெகா."

தாசில்தார் மணலில் கிடக்கிறான். மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு போட்டேன். கொளத்தூர் கடைக்காரர் பாதாம் இலைச் சருகு கொடுத்தார். போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், புண் ஆறும் என்றார். தண்ணீரைப் பாதி மாற்றினேன். அவன் ஒரு தடவை மேலே வந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி கீழே போனான்.

சுபாஷிணி கேட்டாள். "எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

போன வாரம் எடுத்த போட்டோவை அனுப்பினேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. ஆறிவிடும். ஆறின பிறகு சொன்னால் போதும். சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு.

ஆகஸ்ட் 26

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அம்மா கொழுக்கட்டை வைத்துக் கும்பிட்டது யாருக்காக என்று தெரியும். அவளிடம் சொல்லிவிட்டேன், சுபாஷிணி கேட்டால் எதுவும் சொல்லாதே என்று. "அவ என்னைத் திட்டுவான்னா?" என்றாள். "கல்யாணமே வேணாம்னுடுவா" என்றேன். அதன் பிறகு அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

நானும் வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தொட்டிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நேற்று ஆபீஸில் ஒரு கேஜைத் தப்பாகப் பாஸ் பண்ணிவிட்டேன், மேனேஜர் பிடித்தார். இதுவரை அப்படி நடந்ததே இல்லை.

இன்னொரு பழைய போட்டோ அனுப்பினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒரு தீனி உருண்டை தின்றான். வால் எலும்பு மாதிரிதான் இருக்கிறது.

சுபாஷிணி இன்று போட்டோ கேட்கவில்லை. கேட்காதது கேட்டதைவிட மோசமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பதினோரு மணி இருக்கும். வாசலில் ஆட்டோ. சுபாஷிணி இறங்கினாள். புரசைவாக்கத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் அவள் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, தனியாக வந்திருக்கிறாள்.

"தாசில்தாரைப் பாக்கணும்."

"நல்லாத்தான் இருக்கான். போட்டோ அனுப்பறேனே."

"உங்க போட்டோல செடி வளரவே இல்லீங்க. ரெண்டாவது போட்டோல, முதல் போட்டோவ விடச் சின்னதா இருக்கு."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். எனக்கு ஒரு நிம்மதி. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது, அம்மா விட மாட்டாள்.

"அங்கயே நில்லும்மா," என்றாள் அம்மா. "இந்தப் படிய நீ நாலாந்தேதி வலது கால் வெச்சுத்தான் ஏறணும்."

"சரி அத்தை. நான் தாசில்தாரை மட்டும்..."

"அதான் சொல்றேன். பின்பக்கமா வா. அந்த வழில வந்தா கணக்குல சேராது."

"வேணாம்மா," என்றேன். "நானே ஃபோன்ல காட்டறேன்."

"அவ மீனு. அவ பாக்கட்டும்."

பக்கச் சந்து வழியாக, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, பின்கதவால் கூட்டி வந்தாள். பின்கதவு திறந்தால் சமையலறை. சுபாஷிணி முதல் அடியிலேயே நின்றுவிட்டாள். நிற்காமல் வேறு வழியில்லை. கட்டில் முட்டியது.

அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். சமையல் மேடைக்கு அடியில் போன பாதிக் கட்டில். கால் நீட்டுகிற பக்கத்தில் கேஸ் சிலிண்டர், அதன் தலையில் அம்மாவின் மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி. தலைமாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் அந்தச் சாம்பல் மீன்.

"இது யாரு இடம் அத்தை?"

"என்னுதுதாம்மா. காத்தோட்டமா இருக்கு."

"காத்தோட்டமா," என்றாள். குனிந்து பாட்டிலைப் பார்த்தாள். "இவ யாரு?"

அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "நான்தாம்மா வாங்கி விட்டேன். கல்யாண வீட்ல ஒத்தையா இருக்க வேணாம்னு. உங்காள கடிச்சுட்டா. ஜெகா மேல ஒண்ணும் இல்ல. அவன் தொடாதேன்னுதான் சொன்னான்."

சுபாஷிணி ஹாலுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தாசில்தார் இலைச் சருகுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தான். அவளைப் பார்த்துச் செவுளை விரிக்கப் பார்த்தான். பாதிதான் விரிந்தது.

"வால் வளந்துடும் அத்தை," என்றாள். "மூணு நாலு மாசம் ஆகும். அழாதீங்க. எனக்கும் முதல்ல தெரியாது, நானும் ஒரு மீனை இப்படித்தான் தொலைச்சேன். எனக்குக் காபி தருவீங்களா?"

அம்மா உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினாள். குரல் அப்படியே இருந்தது.

"எப்ப ஆச்சு?"

"போன ஞாயிறு."

"அன்னிலேர்ந்து நல்லா இருக்கான், நல்லா இருக்கான்."

"ஆறட்டும்னு..."

"இருக்கட்டும். அது மீனு. உங்க அக்கா நேத்து எனக்கு ஃபோன் பண்ணாங்க. அம்மாவ நாங்க கூட்டிக்கிறோம், நீ நிம்மதியா இரும்மான்னாங்க. எனக்கு முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சுது. அவங்க என்னைத் திட்டாம திட்டினாங்க."

நான் ஃபில்டர் குழாயை நேராக்கினேன்.

"நான் உங்ககிட்ட கேட்டேனா, அத்தை போகட்டும்னு?"

"இல்ல."

"வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் கேட்டேனா?"

"இல்ல. நீ சொல்லலேன்னாலும் உனக்கு அதுதான் வசதியா இருக்கும்னு..."

"எனக்கு எது வசதின்னு நீங்களே அளந்துட்டீங்க." நான் ரசமட்டம் வைத்துத் தொட்டிக்கென்று பிடித்த மூலையை அவள் பார்த்தாள். "யாரையும் நகத்தாம இடம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னீங்க. அது முதல் நாள்."

அம்மா காபி கொண்டுவந்தாள். சுபாஷிணி நின்றபடியே குடித்தாள், சர்க்கரை சரியாக இருக்கிறது என்றாள். போகும்போது பின்வாசலில் என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அந்தக் கட்டில் எங்க இருந்துச்சோ அங்க போகணும். உங்க அக்காகிட்ட நான் கேக்கலேன்னு நீங்களே சொல்லணும். முடியாதுன்னா இன்னிக்கே சொல்லிடுங்க, ஒரு கவர் குடுங்க, தாசில்தாரை எடுத்துட்டுப் போயிடறேன்."

"தாசில்தாரை மட்டுமா?"

"அத நீங்க யோசிங்க."

செப்டம்பர் 1, திங்கள்

நேற்றே அக்காவிடம் பேசிவிட்டேன். சுபாஷிணி கேட்கவில்லை, நானாகச் சொன்னது என்று. அக்கா நன்றாகத் திட்டினாள். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி திட்டினாள். அதன் பிறகு, "அம்மாகிட்ட நீ இன்னும் சொல்லலதானே? சொல்லாதே. இது நமக்குள்ளயே போகட்டும்" என்றாள்.

சொல்லிவிட்டேன். இன்று காலையில். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்டா," என்றாள். "புதுப் பீரோ எங்க வெக்கலாம்னு நீ அளந்தப்ப என் துணிப் பொட்டிக்கு இடம் விடல."

அவ்வளவுதான் சொன்னாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அரிசியை உலையில் போட்டாள்.

பிறகு வேலை. நகராது என்று எழுதியிருந்தேனே, அந்த மேஜை நகர்ந்தது. சால்டரிங் சாமான், பழைய கேஜ்கள், ஒயர், எல்லாவற்றையும் இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டுகளில் எடுத்து வைத்தேன். ஸ்பாஞ்சைக் கழுவாமல் அதே தண்ணீரில் ஊற விட்டேன். தாசில்தார் ஒரு எவர்சில்வர் குண்டானில் முறைத்துக்கொண்டிருந்தான். தனியாகத் தொட்டியைத் தூக்க முடியாது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நான் தொடலாமா?"

"தொடும்மா. அந்தப் பக்கம் பிடி."

பெட்ரூமில் அந்த மேஜை மேல் தொட்டியை வைத்து ரசமட்டம் பார்த்தேன். குமிழி கொஞ்சம் ஓரமாகத்தான் நின்றது. ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினேன். சரியானது.

அம்மாவின் கட்டில் ஹால் மூலைக்குப் போயிற்று. அவள் உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் கடையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். அம்மா அந்த மீனுக்குப் பெயர் வைத்துவிட்டாள். கலெக்டரம்மா. தாசில்தாரையே கடித்தவள், அவனுக்கு மேல் பதவிதான் இருக்க வேண்டும் என்றாள்.

அம்மா கட்டிலில் இருக்கிற மாதிரி போட்டோ எடுத்து சுபாஷிணிக்கு அனுப்பினேன். பதில் வர வெகு நேரம் ஆனது. அதுவரை பக்கெட்டுகளைக் கழுவினேன், தரையைத் துடைத்தேன், மறுபடி பக்கெட்டுகளைக் கழுவினேன். கடைசியில் ஃபோன் வந்தது.

"போட்டோல பின்னாடி டிவி தெரியுது. அதுல என்ன ஓடுதுன்னு அத்தைகிட்ட கேட்டேன். இன்னிக்கு எபிசோடுதான்."

"புது போட்டோதான். நம்பு."

"நம்பணும்னுதான் கேட்டேன்," என்றாள். பிறகு, "நாலாந்தேதி பாக்கலாம்."

செப்டம்பர் 3, புதன்

சாயங்காலம் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். வீடு முழுக்கப் பை. அம்மா பெட்ரூமிலிருந்து கூப்பிட்டாள். கையில் டீ வடிகட்டி.

"நுரை கக்கறான்டா. விஷம் ஏறிடுச்சா? எடுத்துடட்டுமா?"

தண்ணீர் மேல் இலை ஓரமாக, கடுகு கடுகாக நுரைக் குமிழிகள் ஒரு வட்டமாகச் சேர்ந்திருந்தன. தாசில்தார் கிழிந்த வாலோடு மேலே வந்து, ஒரு வாய் காற்றை வாங்கி, இன்னொரு குமிழியை அடியில் ஒட்டிவிட்டுப் போனான்.

தொடாதே என்று வாய் வரை வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன்.

"விஷம் இல்லம்மா. வீடு கட்டறான். முட்டை போட்டா இந்த நுரைக்குள்ளதான் வெப்பான். உடம்பு தேறி, இடம் பிடிச்சிருந்தாத்தான் கட்டுவானாம்."

"கலெக்டரம்மாவுக்கா?"

"இல்ல. அவள விட்டா மறுபடி கடிச்சுப்பாங்க." ஏன் கடித்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். தண்ணீர் ஏன் டீ நிறத்தில் இருக்கிறது, ஸ்பாஞ்சை ஏன் கழுவக் கூடாது, அன்றைக்கு மஞ்சள் போட்டதும் ஏன் கத்தினேன், உறை மோர், எல்லாம் சொன்னேன். அம்மா நடுவில் எதுவும் கேட்கவில்லை. ஆயிரம் கேள்வி வரும் என்று நினைத்திருந்தேன்.

"தயிருக்கு உறை ஊத்தறதுதானே," என்றாள் கடைசியில். "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே பாத்துப்பேனே."

"ஆமா."

அவள் வடிகட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப யாருக்குடா கட்டறான்?"

"யாருக்கும் இல்ல. கட்டி வெச்சுப்பான்."

"நாளைக்கு அவ வர்ற வரைக்கும் இருக்குமா?"

"ஃபேன் போடலேன்னா இருக்கும்."

அம்மா எழுந்து ஃபேனை நிறுத்தினாள். அறை உடனே புழுங்கியது. வேர்த்துக் கொட்ட, கடைசிப் பையைக் கட்டினேன்.

வேன் வந்து ஹாரன் அடித்தபோது அம்மா குங்குமச் சிமிழோடு நின்றாள். என் பெட்ரூமில் தொட்டிக் கண்ணாடிக்கு ஒரு பொட்டு வைத்தாள், ஹாலில் சின்னத் தொட்டிக்கு ஒன்று. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டேன். பொட்டைத் துடைக்கவில்லை. கதவைப் பூட்டினேன்.